நிரல் வேறு, திறவுகோல் வேறு

முன்னேஸ்வரத்தில் அருச்சனை செய்விப்போர் அறிவர்: மந்திரம் ஒன்றே, பெயரும் நட்சத்திரமுமே ஆளுக்காள் மாறுவன. கணினி நிரலும் அவ்வாறே அமைதல் வேண்டுமென்பது எமது துணிபு.

நிரல் எங்கும் ஒன்றாயிருக்க, தரவுத்தள முகவரி, கடவுச்சொல் முதலியன இடத்துக்கிடம் வேறுபடும். இவற்றைச் சூழல் மாறிகளாக நிரலுக்கு வெளியே வைக்கும் வசதி 1979இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்பிலேயே உண்டு. இன்று ‘என்வ்’ என்னும் சிறு கோப்பில் அவற்றை எழுதி, நிரல் தொடங்குகையில் படிக்கச் செய்வர்.

‘முதலில் நிரலெழுதப் பழகட்டும், காவலைப் பின்னர்ப் பார்க்கலாம்’ என்பாருமுளர். எமக்கு அஃது உடன்பாடன்று. டொயோட்டாவின் சேவையொன்றுக்குரிய மூலநிரலின் ஒரு பகுதி, திறவுகோலும் உள்ளடங்க, 2017 முதல் 2022 வரை கிட்ஹப் தளத்தில் யாவரும் காணக் கிடந்தது. 296,019 வாடிக்கையாளரின் மின்னஞ்சல் முகவரிகள் பிறர் கைப்பட்டிருக்கக்கூடுமென அந்நிறுவனமே அறிவித்தது.

ஆதலின் மாணவர்காள், அக்கோப்பைப் பகிரும் களஞ்சியத்திற் சேர்க்கற்க. மாறிகளின் பெயர்களை மட்டும் தாங்கிய மாதிரிக் கோப்பொன்றைச் சேர்ப்பின், உடன் உழைப்போர் இடர்ப்படார். தவறிச் சேர்த்தபின் அழித்தாலும் பழைய பதிவுகளில் அது நிலைத்திருக்கும். திறவுகோலையே மாற்றுதல் வேண்டும். நிரலெழுதக் கற்பிக்கும் முதல் நாளிலேயே இவ்வொழுக்கத்தையும் கற்பித்தல் ஆசிரியர் கடனாகும்.