ஒரு மணி நேர வாடகையில் முழங்காலும் சேர்த்தியா?

2023 ஜனவரி 15 அன்று, திருவனந்தபுரத்தில் கழக்கூட்டத்தை ஒட்டிய காரியவட்டம் கிரீன்ஃபீல்டு மைதானம். விராட் கோலி அடித்த பந்தை எல்லைக்கோட்டருகே தடுக்கப் பாய்ந்த இலங்கை வீரர்கள் அஷேன் பண்டாராவும் ஜெஃப்ரி வாண்டர்சேயும் மோதி விழுந்தார்கள். இருவரையும் ஸ்ட்ரெச்சரில் தூக்கிச் சென்றார்கள். மூளையதிர்ச்சி விதிப்படி வாண்டர்சேக்குப் பதிலாக துனித் வெல்லாலகே இறங்கினார். பண்டாரா மட்டை பிடிக்கவே இல்லை. இந்தியா 317 ரன் வித்தியாசத்தில் வென்றதுதான் மறுநாள் பேச்சு.

அதே வட்டாரத்தில், டெக்னோபார்க் ஐ.டி. வளாகத்தில் வேலை முடிந்து இரவில் டர்ஃப் எனும் செயற்கைப் புல் வாடகைத் திடலுக்குக் கால்பந்தாட வருபவருக்கு இந்த ஏற்பாடு எதுவும் கிடையாது. நாளெல்லாம் நாற்காலியில் இறுகிய தொடை. வாடகை மணிக்கணக்கில் ஓடுவதால் வார்ம்-அப் செய்வது காசை வீணாக்குவதாகத் தோன்றுகிறது. முதல் ஓட்டத்திலேயே பின்தொடைத் தசை பிடித்துக்கொள்கிறது. அதைவிடக் கொடியது முழங்கால் காயம்: ஷூவின் அடிப்பாகம் செயற்கைப் புல்லில் பிடித்துக்கொள்ள, உடம்பு மட்டும் திரும்பும், யாரும் தொடாமலே ஏ.சி.எல். தசைநார் அறுந்துவிடும். அறுவை சிகிச்சை செய்தாலும் மீண்டும் ஆடச் சுமார் ஒன்பது மாதம் ஆகும்.

கணுக்கால் மடங்கினால் உடனே வருவது எண்ணெய்க் குப்பி. வீங்கிய இடத்தை முதல் இரண்டு நாள் நீவினால் உள்ளே ரத்தக்கசிவும் வீக்கமும் கூடும். துணியில் சுற்றிய ஐஸ், கிரேப் பேண்டேஜ், காலை உயர்த்தி வைத்து ஓய்வு, இவையே முதலுதவி. நான்கு அடிகூட எடுத்துவைக்க முடியாவிட்டால் எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும்.

விளையாட்டென்றால் அடிபடத்தான் செய்யும் என்பார்கள். பாதி உண்மை. பயிற்சியாளர் துணையோடு பயிலும் நீளம் தாண்டுதல் வீரர் முரளி ஸ்ரீசங்கரே 2024 ஏப்ரலில் பயிற்சியின்போது முழங்கால் காயமடைந்து பாரிஸ் ஒலிம்பிக்கை இழந்தார். ஆனால் நார்வேயில் 13 முதல் 17 வயது கால்பந்துச் சிறுமிகளிடம் நடந்து 2008-இல் வெளியான ஆய்வில், ஃபிஃபாவின் இருபது நிமிட வார்ம்-அப் முறை மொத்தக் காயங்களை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. கடுமையான காயங்கள் கிட்டத்தட்டப் பாதியாயின. தவிர்க்கக்கூடியதை விதியின் கணக்கில் எழுதுவது சோம்பல்.

ஆகவே திருவனந்தபுரம் மாநகராட்சி டர்ஃப்களின் உரிமத்திலேயே நிபந்தனை வைக்க வேண்டும். ஆட்ட நேரத்துக்கு முன் வாடகையில்லாத பதினைந்து நிமிடம்; கைக்கெட்டும் தூரத்தில் ஐஸும் ஸ்ட்ரெச்சரும்; ஒவ்வொரு ஷிஃப்டிலும் முதலுதவி கற்ற ஒருவர்; தலையில் அடிபட்டு மயங்கியவரோ தடுமாறுபவரோ அன்று மீண்டும் ஆடக் கூடாது. கற்றுத்தர வெளியூர் நிபுணர் வேண்டாம். காரியவட்டத்திலேயே 1985 முதல் லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரி இருக்கிறது. ஊழியர்களுக்குப் போட்டி நடத்திக் கோப்பை தரும் நிறுவனங்களும் இந்தச் செலவில் பங்கேற்கட்டும்.

கட்டணம் ஏறும் என்று உரிமையாளர்கள் முணுமுணுப்பார்கள். அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆட்டத்தில் அந்தக் கூடுதல் தொகையைப் பதினான்கு பேர் பங்கிட்டுக்கொள்ளலாம். தசைநார் அறுந்தால் ஆஸ்பத்திரிச் செலவு ஒருவர் தலையில்தான்.