இலவசப் பதிவுக்கு ஏன் கட்டணம்?

குன்றாண்டார்கோவில் வட்டாரத்தில் மானாவாரிக் கடலையைக் காயாகவே விற்பதைவிட, செக்கிலிட்டு எண்ணெயாக விற்றால் விவசாயிக்குக் கூடுதலாக நாலு காசு மிஞ்சும். செக்கு வைக்கக் கடன் கேட்டுப் போனால் வங்கியில் கேட்கப்படுவது ‘உத்யம்’ சான்று.

சிறுதொழில்களுக்கான இப்பதிவு 1.7.2020 முதல் மத்திய அரசின் இணையதளத்தில் நடைபெறுகிறது. ஆதார், பான் எண்கள் இருந்தால் போதும்; காகிதம் எதையும் இணைக்க வேண்டாம். கட்டணம் ஒரு பைசாவும் கிடையாது. ஆண்டுதோறும் புதுப்பிக்கும் தொல்லையும் இல்லை.

ஆயினும் அரசுத் தளம் போலவே தோற்றமளிக்கும் தனியார் தளங்கள் சில, ‘பதிவுக் கட்டணம்’ என்று பணம் கறக்கின்றன. கைப்பேசியில் தேடினால் விளம்பரமாக முன்னே வந்து நிற்பவை இவையாகவும் இருக்கலாம். முகவரி ‘கவ்.இன்’ என்று முடிகிறதா எனப் பார்ப்பது அவசியம். கணினி மையத்தார் தட்டச்சுக் கூலி கேட்பது நியாயமே. அதையே அரசுக் கட்டணம் என்று சொல்லி வாங்குவதுதான் அக்கிரமம்.

விவசாயியைக் குறை கூறிப் பயனில்லை. இப்பதிவுக்கு மாவட்டத் தொழில் மையம் உதவ வேண்டும் என்பது விதி. மையமோ புதுக்கோட்டையில் இருக்கிறது. மாதம் ஒரு நாள் அதன் அலுவலர் ஒன்றிய அலுவலகத்தில் அமர்ந்து பதிந்து கொடுத்தால், தரகருக்குப் போகும் பணம் கடலை வாங்க உதவும்.