பழைய பேனாக்கத்தி முதலீடா? சேலையூர் சாருக்கு ஒரு பதில்

பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தை வீடியோ போட்டதுல இருந்து பழைய பேனாக்கத்தி பத்தித்தான் அதிகமா கேக்கறீங்க. அதுல ஒரு மெயில் என்னைத் தூங்க விடல. சேலையூர்ல இருக்கிற ஒரு சார், போன வருஷம் ரிட்டையர் ஆனவர். அவருக்குத் தெரிஞ்ச ஒருத்தர் நாற்பது பழைய மடக்குக் கத்திகளை மொத்தமா 2 லட்சத்துக்குத் தர்றதா சொல்றாராம். "அஞ்சு வருஷத்துல டபுள், அதுல அஞ்சாறு தந்தப் பிடி வேற" என்று வாக்கு. கிராச்சுட்டி பணத்துல எடுத்துப் போடலாமான்னு கேட்டிருக்கார்.

சார், வேண்டாம். ஏன்னு சொல்றேன்.

எனக்கு இந்தப் பொழுதுபோக்கு பிடிக்காதுன்னு நினைக்காதீங்க. பதினோரு கத்தி வச்சிருக்கேன். அஞ்சு வருஷத்துல டபுள்னா வருஷத்துக்கு 14 சதவீதத்துக்கு மேல வரணும், அது எவ்வளவு கஷ்டம்னு இங்க வர்றவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. ஆனா என் ஆட்சேபணை அது இல்ல. ஒரு பழைய கத்திக்கு வெளிநாட்டுல எதனால விலை ஏறுதோ, அதே காரணத்தாலதான் இங்க நம்மால அதை விக்கவே முடியாமப் போகுது.

இங்கிலாந்துல ஷெஃபீல்டுன்னு ஒரு ஊர், கத்திக்குப் பேர் போனது. அங்க இருந்த ஜோசப் ராட்ஜர்ஸ் கம்பெனி 1682-ல ஆரம்பிச்சதா சொல்லிக்கும். நட்சத்திரமும் மால்டீஸ் சிலுவையும்தான் அவங்க முத்திரை. பிடிக்கு அவங்க போட்ட உயர்ந்த சரக்கு ரெண்டு: ஒண்ணு யானைத் தந்தம், இன்னொண்ணு மான் கொம்பு. அந்தக் கொம்புல நிறைய நம்ம நாட்டுக் காட்டுல இருந்து கப்பல் ஏறிப் போன கடமான் கொம்பு. இன்னைக்கும் அமெரிக்க சேகரிப்பாளர்கள் 'சாம்பார் ஸ்டாக்' பிடின்னா கூடுதல் விலை கொடுப்பாங்க. (சாப்பிடுற சாம்பார் இல்லைங்க, கடமானோட இங்கிலீஷ் பேரு.)

இங்க நிலைமை என்ன? 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம். அதுல 1986-ல வந்த திருத்தம் இந்திய யானைத் தந்த வியாபாரத்தை நிறுத்துச்சு, 1991 திருத்தம் ஆப்பிரிக்கத் தந்தத்தையும் சேத்துடுச்சு. கடமான் கொம்பையும் நம்ம இஷ்டத்துக்கு விக்க முடியாது. அதனால யாராவது "தந்தம் சார்" என்று விலை ஏத்தினா, நான் ஒரே ஒரு கணக்குத்தான் போடுவேன். அவர் சொல்றது பொய்னா நான் ஏமாந்தேன், நிஜம்னா நான் குற்றவாளி.

பெரும்பாலும் பொய்தான். சந்தையில தந்தம்னு காட்டுற பிடி மாட்டு எலும்பா இருக்கும், இல்லைன்னா செல்லுலாய்டு. ஒரு லென்ஸ் வச்சுப் பாருங்க. எலும்புல சின்னச் சின்ன கருப்புப் புள்ளிகளும் கோடுகளும் தெரியும். தந்தத்தை வெட்டின முனையில வலைப்பின்னல் மாதிரி குறுக்குக் கோடு ஓடும்.

சரி, வெளிநாட்டுக்கு அனுப்பி டாலர்ல வித்துடலாமேன்னு அடுத்த கேள்வி. அதே 1972-ல வந்த தொல்பொருள் சட்டத்துல, 100 வயசு தாண்டின கலை, கைவினைப் பொருட்களைத் தனியார் ஏற்றுமதி பண்ண முடியாது. ஆறு மாசத்துல இருந்து மூணு வருஷம் வரை சிறைத் தண்டனை இருக்கு. ஒரு கத்தி அதுல வருமா வராதான்னு தபால் ஆபீஸ் கவுண்டர்ல நின்னு வாதாட உங்களுக்கு விருப்பமா? பழசா இருக்க இருக்க விலை கூடும்னு வாங்குறோம், ஆனா நூறு வயசு ஆனதும் வெளிக்கதவு சாத்திக்குது. உள்ளூர்ல வாங்குறவங்க ரொம்பக் கம்மி, எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்சவங்க.

என் சொந்த அனுபவம் கேளுங்க. 2018-ல ஆன்லைன்ல ஒரு ராட்ஜர்ஸ் வாங்கினேன், எலும்புப் பிடி, ரெண்டு அலகு. விலை 6,500. கூரியர், டியூட்டி எல்லாம் சேர்த்து 9,200 ஆச்சு. 2024-ல பையன் காலேஜ் ஃபீஸ் கட்டும்போது கொஞ்சம் இடிச்சது, விக்கலாம்னு பாத்தேன். வந்த ஒரே ஆஃபர் 5,000. அந்த 9,200-ஐ 6.5 சதவீத எஃப்டில போட்டிருந்தா 13,500 ஆயிருக்கும். தங்கம் ரெண்டு மடங்கைத் தாண்டியிருச்சு. கத்தியை நான் விக்கல, வேற இடத்துல புரட்டிக் கட்டினேன்.

இன்னொரு விஷயம், பராமரிப்பு. தாம்பரம், குரோம்பேட்டை ஈரக்காத்துக்குப் பழைய கார்பன் ஸ்டீல் ஒரு மழைக்காலத்துல புள்ளி புள்ளியா துரு பிடிக்கும். தோல் உறையில போட்டு வைக்காதீங்க, தோல் பதனிடுற ரசாயனமே துருவைக் கூட்டும். தேங்காய் எண்ணெய் பிசுபிசுன்னு ஆயிடும், தையல் மிஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு போதும். செல்லுலாய்டு பிடி இருந்தா தனியா வைங்க. அது கெட ஆரம்பிச்சா வெளிவர்ற ஆவி பக்கத்துல இருக்கிற கத்தியையும் அரிச்சிடும்.

எங்க தாத்தா ஒரு பேனாக்கத்தி வச்சிருந்தார். 'ஜி ஆர்' முத்திரை இருந்ததா அப்பா சொல்வார், அதாவது ஜார்ஜ் மன்னர் காலம். தெருவுல சைக்கிள்ல வந்த சாணைக்காரர்கிட்ட வருஷா வருஷம் கொடுத்து அலகு பாதியா தேஞ்சுபோச்சு. மிச்சத்தை எங்கம்மா புளி போட்டுத் தேய்ச்சு பளபளன்னு ஆக்கிட்டாங்க, முத்திரையும் போச்சு. சேகரிப்பாளர் பார்வையில அதுக்கு மதிப்பு பூஜ்யம். அந்தக் கத்தியில தாத்தா வெட்டிக் கொடுத்த மாங்காய்க்கு நான் விலை போட மாட்டேன், அது வேற கணக்கு.

ஆனா நம்ம பக்கம் தேட வேண்டியது ஷெஃபீல்டு கத்தியே இல்லைன்னு எனக்கு ஒரு எண்ணம். ஓலைச்சுவடி காலத்துல மடக்கெழுத்தாணின்னு ஒண்ணு இருந்துச்சு. எழுத்தாணி பிடிக்குள்ள மடங்கிக்கும், சிலதுல ஓலை வார ஒரு சின்னக் கத்தியும் சேர்ந்தே மடங்கும். உ.வே.சா. 'என் சரித்திரம்' நூல்ல இதைப் பத்தி எழுதியிருக்கார். நம்ம ஊர் பாக்கெட் கத்தி அதுதாங்க! பழைய இரும்புச் சாமான் குவியல்ல துருவோட கிடந்தா, அது என்னன்னு தெரியாம எடைக்குப் போட்டுடுவாங்க.

சந்தைக்குப் போங்க, தாராளமா வாங்குங்க. மாசச் சம்பளத்துல சினிமா, ஹோட்டலுக்கு ஒதுக்குற பணத்துல இருந்து முந்நூறு, ஐந்நூறு கொடுத்து வாங்குங்க. பட்டன் தட்டினா பாயுற கத்தி மட்டும் வேண்டாம். வாங்கினதைப் பையில போட்டுக்கிட்டு ஏர்போர்ட் போகாதீங்க, திரிசூலம் பக்கத்துலதான் இருக்குன்னு மறந்துடுவோம். என்னோட எக்ஸெல் ஷீட்ல பதினோரு கத்தியும் 'செலவு' பக்கத்துலதான் இருக்கு.

சேலையூர் சார், அந்த 2 லட்சம் சீனியர் சிட்டிசன் ஸ்கீம்லயே இருக்கட்டும். அந்த நாற்பதுல உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச ஒண்ணு இருந்தா, தந்தம் இல்லாததா பாத்து, அதை மட்டும் கேளுங்க. தனியா தர மாட்டேன்னு சொன்னா விட்டுடுங்க. உங்க யார் வீட்டுப் பரண்லயாவது மடக்கெழுத்தாணி இருந்தா போட்டோ அனுப்புங்க, தேய்க்காம அனுப்புங்க. விலை மட்டும் கேக்காதீங்க, நான் சொல்ல மாட்டேன்.