அளக்கப்பட்ட முகங்களும் பூட்டிய ஆய்வகங்களும்

ஹெர்பர்ட் ரிஸ்லி என்ற ஆங்கிலேய அதிகாரி மூக்கின் அகலத்தையும் நீளத்தையும் அளந்து, கிடைத்த எண்ணைக் கொண்டு சாதியின் உயர்வு தாழ்வுக்கு அறிவியல் சாயம் பூசினார். 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் அவரே ஆணையர். அண்ணல் அம்பேத்கரோ, தீண்டப்படாதோர் பற்றி 1948இல் வெளியிட்ட நூலில் அதே மூக்களவுக் கணக்கை எடுத்துவைத்து, பார்ப்பனரும் தீண்டப்படாதவரும் ஒரே இனம்தான் என்று நிறுவினார்.

இன்று வாய், தாடை, முக எலும்பு உயிரியல் வெகுதூரம் வந்துவிட்டது. கருவில் அண்ணம் ஏன் பிளவுபடுகிறது, பாக்கு மென்ற வாய் ஏன் இறுகிப் புற்றாகிறது என்பவை அதன் கேள்விகள். இந்திய ஆண்களை அதிகம் தாக்கும் புற்றுநோய்களில் ஒன்று வாய்ப்புற்று. புகையிலையும் பாக்கும் அதன் முதன்மைக் காரணங்கள். மலக்குழி நாற்றத்தைத் தாங்கப் புகையிலையை வாயில் அடக்கிக்கொண்டு இறங்குகிறவர் யார் என்று நமக்குத் தெரியும். அவருடைய திசு நுண்ணோக்கிக்கு அடியில் போகிறது. அவருடைய பிள்ளை நுண்ணோக்கிக்கு முன்னால் உட்கார்வதற்குத்தான் தடைகள்.

பிடிஎஸ் 5 ஆண்டு, எம்டிஎஸ் 3 ஆண்டு, அதன் பிறகு முனைவர் பட்டம். முதல் தலைமுறைப் பட்டதாரியின் வீடு அதுவரை காத்திருக்க வேண்டும். யுஜிசியின் 2022 விதிகள், நுழைவுத்தேர்வு வழி முனைவர் பட்டச் சேர்க்கையில் நேர்முகத்துக்கு 30 விழுக்காடு தருகின்றன. விடைத்தாளுக்குச் சாதி தெரியாது. நேர்முக அறைக்குத் தெரியும்.

உள்ளே போனால் எல்லாம் நெறியாளர் கையில். வரலாறு படிக்கும் மாணவர் நெறியாளர் முகம் திருப்பினாலும் நூலகத்தில் உட்கார்ந்து நாலு பக்கம் எழுதிவிடலாம். உயிரியல் மாணவருக்கு அது நடக்காது. செல் வளர்ப்பு அறையின் சாவி, வேதிப்பொருள் வாங்கும் கையெழுத்து, நெறிமுறைக் குழுவுக்குப் போகும் விண்ணப்பம், கட்டுரையில் பெயர் வரிசை என எதை நிறுத்தினாலும் ஆய்வு நின்றுவிடும். அடிக்க வேண்டாம், திட்டவும் வேண்டாம், தாமதமே போதும்.

ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆய்வுக்குச் சேர்ந்த சேலத்துச் செந்தில்குமார், நெறியாளர் ஒதுக்கப்படாமலேயே 2008இல் இறந்தார். அதே வளாகத்தில் 2016இல் இறந்த ரோஹித் வெமுலா, தனக்கு வர வேண்டிய ஏழு மாத உதவித்தொகையைக் கடைசிக் கடிதத்தில் குறிப்பிட்டிருந்தார். இவர்கள் இருவருக்கும் தகுதி இல்லாமலா இடம் கிடைத்தது?

இடஒதுக்கீடு வாசல்வரைதான் கொண்டுபோய் விடும். வாசலுக்கு உள்ளேயும் உரிமை வேண்டும். சேர்ந்த ஒரு மாதத்துக்குள் நெறியாளர் ஒதுக்கப்பட வேண்டும். நேர்முகத்துக்கு மதிப்பெண் கூடாது. உதவித்தொகை மாதம் தவறாமல் வர வேண்டும். ஆண்டுகளை இழக்காமல் நெறியாளரை மாற்றிக்கொள்ள வழி வேண்டும். எத்தனை பட்டியலின மாணவர் சேர்ந்தார், எத்தனை பேர் பட்டம் பெற்றார் என்று ஒவ்வொரு துறையும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

நம் முகத்தை அவர்கள் அளந்தது போதும். இனி அளவுகோல் நம் பிள்ளைகள் கைக்கும் வரட்டும்.