புனிதப் பணியும் மலிவான உழைப்பும்

புற்றுநோய் ஆராய்ச்சிக் கூடமொன்றில் முதன்முதலாக வேலைக்குச் சேரும் தொழில்நுட்ப உதவியாளர் சம்பளத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், பெரும்பாலும் அவருக்குக் கிடைக்கும் விடை ஒன்றே: "இது வெறும் வேலையன்று, மனித குலத்துக்குச் செய்யும் தொண்டு." இக்கூற்றிற் பொய்யில்லை. ஆயினும், உண்மையான கூற்றொன்று எவரால், எவரை நோக்கி, எத்தருணத்திற் சொல்லப்படுகின்றது என்பதைக் கொண்டே அதன் சமூகப் பொருளை அறிதல் வேண்டும். தொண்டின் மகிமை சம்பளப் பேச்சின்போது மட்டும் நினைவூட்டப்படுமாயின், அது மகிமையன்று. கூலியைக் குறைப்பதற்கான கருவியேயாகும்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களை எடுத்துக்கொள்வோம். 1937 இல் அங்கு தேசியப் புற்றுநோய் நிறுவனம் தோன்றியது. 1971 டிசம்பரில் ஜனாதிபதி நிக்சன் தேசியப் புற்றுநோய்ச் சட்டத்தில் ஒப்பமிட்ட பின்னர், இவ்வாராய்ச்சி பொதுமக்களின் பணம் பெருமளவிற் புழங்கும் துறையாக வளர்ந்தது. இம்மாபெரும் கட்டடத்தின் அடித்தளத்தில் நிற்பவர் யார்? உயிரியலிலோ இரசாயனவியலிலோ பட்டம் பெற்று, அப்போதுதான் வெளிவந்த இளைஞர் அல்லது யுவதி. கலங்களை 37 பாகை வெப்பநிலையில் காப்பதும், சில நாள்களுக்கொரு முறை வளர்ப்பூடகத்தை மாற்றுவதும், பெருகிய கலங்களைப் பிரித்துப் புதிய குடுவைகளில் இடுவதும், எஞ்சியவற்றைத் திரவ நைதரசனிற் பாதுகாப்பதும், சுண்டெலிகளின் வமிசக் கணக்கை எழுதுவதும், உபகரணங்களைக் கிருமி நீக்குவதும் அவரது பணி. கலங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. ஆதலால் அவருக்கும் பல வேளைகளிற் கிடையாது. அவரது பதவியோ ஆய்வுத் தலைவருக்குச் சில ஆண்டுகளுக்கென வழங்கப்படும் மானியத்தில் தொங்குகின்றது. மானியம் முடிந்தால் வேலையும் முடிந்தது.

இவ்வுழைப்பின் பெறுமதி யாது என்பதற்கு வரலாறே சான்று. 1951 இல் பால்டிமோர் நகரின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவமனையில் ஹென்றியற்றா லக்ஸ் என்னும் கறுப்பினப் பெண் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றார். அவரது சம்மதத்தைக் கேளாமலே வெட்டியெடுக்கப்பட்ட இழையம் ஜோர்ஜ் கெய் என்பாரின் ஆய்வுகூடத்தை அடைந்தது. அதனை நுண்துண்டுகளாக நறுக்கி, கோழிக் குருதியின் திரவவிழையத்தில் இட்டு, குழாய்களின் மீது 'ஹீலா' என எழுதியவர் மேரி குபிசெக் என்னும் 21 வயது உதவியாளர். கண்ணாடிக் கலன்களைக் கழுவுவதற்கென்றே அங்கு ஒரு பெண் அமர்த்தப்பட்டிருந்தார். தாதியாகப் பயிற்சி பெற்ற கெய்யின் மனைவி மார்கிரட், கிருமி புகாத ஒழுங்கைக் கண்டிப்புடன் பேணினார். உடலுக்கு வெளியே முடிவின்றிப் பெருகிய முதலாவது மனிதக் கலவழி இவ்வாறே உலகுக்குக் கிடைத்தது. 1952 இல் வெளிவந்த சிறு ஆய்வுச் சுருக்கத்தில் மூன்றாவது பெயராகக் குபிசெக்கின் பெயர் உண்டு. ஆயின், பாடநூல்களில் அப்பெயரைத் தேடிப் பாருங்கள்!

1951 அக்டோபர் 4 ஆம் நாள் ஹென்றியற்றா இறந்தார். பிரேத பரிசோதனையின்போது உடனிருந்த குபிசெக், இறந்தவரின் கால்நகங்களில் உதிர்ந்து கிடந்த செந்நிறப் பூச்சைக் கண்டபோதே, தாம் மாதக்கணக்காக வளர்த்தவை உயிருள்ள ஒரு பெண்ணிடமிருந்து வந்தவை என்பதை உணர்ந்ததாகப் பிற்காலத்திற் கூறினார். அக்கலங்களைக் கெய் இலவசமாகவே வழங்கினார். பின்னர் வணிக நிறுவனங்கள் அவற்றுக்கு விலை பேசின. ஹென்றியற்றாவின் குடும்பத்தினர் தொடுத்த வழக்கொன்றில் பெருநிறுவனமொன்று இணக்கத்துக்கு வந்தது 2023 இலேதான். உடலைத் தந்தவரின் பெயரை மறைத்த அதே ஒழுங்குதான், உழைப்பைத் தந்தவரின் பெயரையும் மறைக்கின்றது. இவ்விரு மறதிகளும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை.

1953 இல் அலபாமாவின் டஸ்கீகி நிறுவனத்தில், இளம்பிள்ளைவாதத் தடுப்புமருந்தைச் சோதிக்கும் பொருட்டு இக்கலங்களைப் பெருந்தொகையாக உற்பத்தி செய்யும் நிலையம் எழுந்தது. கறுப்பின விஞ்ஞானிகளும் தொழில்நுட்ப உதவியாளர்களும் அங்கு வாரந்தோறும் ஏறத்தாழ 20,000 குழாய்களை நிரப்பி அனுப்பும் நிலை உருவாயிற்று. அத்தடுப்புமருந்தின் வெற்றியை உலகம் ஒரே மனிதரின் பெயரால் அறியும். குழாய்களை நிரப்பிய கரங்களை எவர் அறிவர்?

இனி, எதிர்வாதங்களை நோக்குவோம்.

"சிந்திப்பவர் விஞ்ஞானி; உதவியாளர் சொன்னதைச் செய்யும் கை மட்டுமே" என்போர் உளர். கையையும் மூளையையும் இவ்வாறு பிரித்துவைப்பது வர்க்க சமூகத்தின் பழைய வழக்கம். 1966 இல் பரம்பரையியலாளர் ஸ்டான்லி கார்ட்லர், வெவ்வேறு மனித இழையங்களிலிருந்து பெறப்பட்டவை எனக் கருதப்பட்ட 18 கலவழிகள் உண்மையில் ஹீலாக் கலங்களால் மாசுற்றவை என்பதற்கான சான்றுகளை எடுத்துக்காட்டினார். ஒரு குழாயியை இருமுறை பயன்படுத்துதல், ஊடகப் புட்டியொன்றை இரு கலவழிகளுக்கும் பொதுவாக்குதல், பெயர்ச்சீட்டு மாறுதல் – இத்தகைய சிறு பிழையொன்றே போதும். ஈரலென எண்ணிப் பல்லாண்டு செய்த ஆராய்ச்சி, முன்பின் அறியாத வேறொரு கலத்தைப் பற்றியதாகிவிடும். கை தவறினால் மூளையின் முடிபுகள் யாவும் சரியுமென்றால், அம்முடிபுகளை இதுகாறும் தாங்கி நின்றது அக்கையின் திறனன்றி வேறென்ன? அத்திறனோ ஒரு நாளில் வருவதன்று. கலம் வாடுகின்றதா, கிருமி புகுந்ததா என்பதை நுணுக்குக்காட்டியில் ஒரு பார்வையிலேயே காணும் கண், மாதங்கள் பல பழகித் தேர்ந்த கண். குறைந்த கூலியால் அத்தகையோரை ஈராண்டுக்கொரு முறை இழந்து, மீண்டும் புதியவரைப் பழக்கும் ஆய்வுகூடம் சிக்கனமாக நடக்கிறதென்று கூறுவது மடமை.

"உதவியாளருக்குக் கூட்டிக் கொடுக்கும் ஒவ்வொரு டொலரும் நோயாளியிடமிருந்து பறிக்கப்படுவதே" என்பது மற்றொரு வாதம். கேட்பதற்கு உருக்கமாகவே இருக்கின்றது. ஆனால், நுணுக்குக்காட்டி விற்பவரிடம் எவரேனும் சென்று, "இது தொண்டு, பாதி விலைக்குத் தாரும்" என்கின்றனரா? கன்றுக்குருதி நீர்ப்பாயம் விற்கும் வணிகரும் இரசாயனப் பொருள்களின் உற்பத்தியாளரும் தத்தம் இலாபத்தைக் கூட்டியே விலைச்சிட்டை அனுப்புகின்றனர். அது மறுபேச்சின்றிச் செலுத்தப்படுகின்றது. அங்கு எவரும் நோயாளியின் கண்ணீரை நினைவூட்டுவதில்லை. தியாகம் கோரப்படுவது உழைப்பை விற்பவரிடம் மட்டுமே. பொருளை விற்பவருக்குச் சந்தை விதி, உழைப்பை விற்பவருக்குத் தரும நெறி! இவ்விரட்டை நீதியைத் தோலுரித்துக் காட்டுவது நமது கடமை.

"இது நிலையான தொழிலன்று, மேற்படிப்புக்கு ஏறும் படி" என்பது மூன்றாவது வாதம். மருத்துவக் கல்லூரிக்கோ கலாநிதிப் பட்டத்துக்கோ செல்ல விரும்புவோர் பலர் ஈராண்டு இவ்வேலையைச் செய்வது உண்மையே. ஆயின், அவ்வீராண்டைக் குறைந்த சம்பளத்திற் கடப்பது எவரால் இயலும்? வீட்டு வாடகைக்குத் தந்தை பணம் அனுப்பக்கூடிய பிள்ளையால் இயலும். படிப்புக் கடனை அடைத்துக்கொண்டே வீட்டுக்கும் பணம் அனுப்பவேண்டிய தொழிலாளியின் பிள்ளை முதலாண்டிலேயே வேறு வேலை தேடிச் செல்கின்றார். எனவே, இது ஏறும் படியன்று. ஏழையைத் தடுக்கும் வாயிற்கதவு. நாளைய விஞ்ஞானிகள் எவ்வர்க்கத்தினர் என்பது தேர்வுக் குழுவினர் கூடுமுன்பே, இச்சம்பளச் சிட்டையினாற் பெரிதும் தீர்மானிக்கப்பட்டுவிடுகின்றது.

இதற்கு மாற்று உண்டா? உண்டு, அது புதியதுமன்று. பிரித்தானியாவில் 1918 இலேயே விஞ்ஞானத் தொழிலாளருக்கெனச் சங்கம் அமைந்தது. பேராசிரியர் பெர்னால் போன்ற பேரறிஞரும் ஆய்வுகூட உதவியாளரும் பின்னாளில் அச்சங்கத்தில் ஒருங்கே நின்றனர். விஞ்ஞானமும் ஒரு தொழில், அதனைச் செய்வோரும் தொழிலாளர் என்னும் தெளிவு அவர்களிடம் இருந்தது. நமது காலத்தில், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சித் துணைப் பணியாளரும் தொழில்நுட்பப் பணியாளரும் தமது சங்கத்தின் வழி 2019 இலும் 2025 இலும் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்கள் புற்றுநோயாளரைக் கைவிட்டவர்களல்லர். அனுபவம் பெற்ற பணியாளர் நிலைத்து நின்றாலன்றி ஆராய்ச்சி நிலையாது என்பதை ஆய்வுத் தலைவர்கள் பலரினும் நன்கு அறிந்தவர்கள் அவர்கள்.

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! விஞ்ஞான வரலாற்றை மேதைகளின் பெயர்ப் பட்டியலாகக் கற்பிக்கும்வரை, இம்மலிவான உழைப்புக்கு நாமும் உடந்தையே. கண்டுபிடிப்பொன்றைப் பாடஞ் சொல்லும்போது, அதற்காகக் குழாய் கழுவியவர் எவர், கலத்தைக் காத்தவர் எவர், அவர்களுக்கு என்ன கிடைத்தது என்னும் வினாக்களையும் கரும்பலகையில் எழுதுங்கள். நாளை ஆய்வுகூடத்தினுள் அடியெடுத்து வைக்கவிருக்கும் மாணவருக்குத் தொண்டின் மேன்மையைக் கற்பியுங்கள். அத்துடன், நியாயமான சம்பளம் கேட்பது அம்மேன்மைக்கு இழுக்கன்று என்பதையும் கற்பியுங்கள். மனிதனின் நோயைத் தீர்க்கப் புறப்பட்ட விஞ்ஞானம், தன் கூடத்தில் உழைக்கும் மனிதரைப் பட்டினி போட்டுத்தான் முன்னேறவேண்டும் என்ற நியதி எதுவுமில்லை. அப்படியொரு நியதி உண்டென்று கூறுவோர் விஞ்ஞானத்தின் பெயராற் பேசவில்லை. கணக்குப் புத்தகத்தின் பெயராலேயே பேசுகின்றனர்.