பழைய வாகனத்தின் பெறுமதியை யார் தீர்மானிப்பது?

பகேரியாவில் நாங்கள் மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு வாகனம் வைத்திருக்கிறோம். 1993 ஆம் ஆண்டு ஃபியற் பண்டா, நான்கு சில்லும் இழுக்கும் வகை. எங்களில் ஒருவர் மலைப்பக்க எலுமிச்சைத் தோட்டத்தில் வேலை செய்கிறார். மழைக்காலத்தில் அந்தப் பாதையில் சாதாரணக் கார் ஏறாது. மற்ற இரு வீட்டுக்கும் சந்தை, கோயில், பலேர்மோ ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் அதுதான். திருத்துவதும் நாங்கள்தான். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குப் பிறகு வந்தால் வாகனத்துக்கு அடியில் யாராவது ஒருவரின் கால்கள் தெரியும்.

இதை எழுதுவதற்குக் காரணம் பிரசெல்ஸில் இருந்து வந்த இரண்டு வரைவுகள். 2023 யூலையில் ஐரோப்பிய ஆணைக்குழு, ஆயுள் முடிந்த வாகனங்கள் பற்றி ஒரு புதிய ஒழுங்குவிதியை முன்மொழிந்தது. 2025 ஏப்ரலில், 10 வயதைக் கடந்த கார்களை ஆண்டுதோறும் பரிசோதிக்க வேண்டும் என்று இன்னொரு யோசனையை வைத்தது. இத்தாலியில் இப்போதுள்ள நடைமுறைப்படி புதுக் காருக்கு முதல் பரிசோதனை நான்கு ஆண்டில், அதன் பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. இந்த நாட்டில் ஓடும் கார்களின் சராசரி வயதே 12 ஐத் தாண்டிவிட்டது. ஆகவே இது பழைய வாகனப் பிரியர்களின் பிரச்சினை மட்டுமல்ல. வீட்டுவேலைக்கும் உணவகத்துக்கும் பழைய காரில் போய்வரும் எங்கள் ஆட்களில் பெரும்பாலானோரைத் தொடுகின்ற விடயம்.

ஆண்டுப் பரிசோதனையை நாங்கள் எதிர்க்கவில்லை. பலருக்கு இது பிடிக்காது என்று தெரியும். அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் ஏறத்தாழ 79 யூரோ கட்டணம். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை என்பது ஆண்டுக்கு ஒரு முறை என்றானால் மேலதிகச் செலவு ஆண்டுக்குச் சுமார் 40 யூரோ. பிறேக்கைப் பார்க்கும் கண்ணுக்கு அது அநியாய விலையில்லை. எங்களைக் குழப்புவது மற்ற வரைவு.

அதில் ஒரு வாகனம் திருத்தக்கூடியதா இல்லையா என்று முடிவுசெய்யும் அளவுகோல்கள் இருந்தன. அவற்றில் ஒன்று பொருளாதார அளவுகோல்: பரிசோதனையில் தேறும் நிலைக்குக் கொண்டுவரத் தேவையான திருத்தச் செலவு வாகனத்தின் சந்தைப் பெறுமதியைத் தாண்டினால், அது திருத்த முடியாதது. சொந்தக்காரர் தன் வீட்டில் வைத்திருப்பதைத் தடுப்பதற்கல்ல, கழிவு வாகனங்களைப் ‘பாவித்த கார்’ என்ற பெயரில் விற்பதையும் ஏற்றுமதி செய்வதையும் தடுப்பதற்கே இது என்று ஆணைக்குழு விளக்கம் சொன்னது. வரைவு பின்னர் நாடாளுமன்றத்திலும் அமைச்சர்கள் அவையிலும் திருத்தங்களுக்கு உள்ளானது. ஆனாலும் அந்த ஒரு வரியின் பின்னால் உள்ள சிந்தனை எங்களுக்குப் பழகியது. வர்த்தகப் பட்டப்படிப்பில் முதல் ஆண்டிலேயே படித்தோம்: தேய்மானம். ஒரு சொத்தின் பெறுமதியில் ஆண்டுதோறும் இத்தனை வீதம் கழித்துவர, ஒரு நாள் ஏட்டில் அது பூச்சியமாகும்.

ஏட்டில் பூச்சியமான வாகனங்கள்தான் யாழ்ப்பாணத்தைச் சுமந்தன. 1990 யூனில் மீண்டும் போர் மூண்ட பிறகு பெற்றோல், பற்றறி, உதிரிப்பாகம் எல்லாம் தடைப்பட்டியலில். ஓஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், கேம்பிறிட்ஜ் என்று எங்கள் அப்பாமார் காலத்துக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதனால் கார்புரேட்டருக்குள் சில துளி பெற்றோலை விட்டு இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பழைய இயந்திரங்களின் அமுக்க விகிதம் குறைவு என்பதால்தான் அது சாத்தியமானது. இன்றைய இயந்திரத்தில் செய்தால் அடித்து உடைத்துவிடும். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி ஒயிலைத் தண்ணீராக்கும். ஆகவே ஒயிலை அடிக்கடி பார்க்க வேண்டும். இவற்றை எந்தக் கம்பனிப் புத்தகமும் சொல்லித் தரவில்லை. அந்தக் கார்களின் சந்தைப் பெறுமதியையும் திருத்தச் செலவையும் ஒப்பிட்டு யாராவது கணக்குப் போட்டிருந்தால், ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு வாகனமும் மிஞ்சியிருக்காது.

வரைவின் கணக்கில் உள்ள ஓட்டை இதுதான். திருத்தச் செலவு என்றால் யாருடைய விலைப்பட்டியல்? கராச்சில் ஒரு மணித்தியாலக் கூலி வேறு, ஞாயிற்றுக்கிழமை எங்கள் கையின் கூலி வேறு. கராச் கணக்கில் எங்கள் பண்டா எப்போதோ செத்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், வடக்கில் மலையூர்க்காரர்கள் இதே வண்டியைத் தேடித் தேடி வாங்குவதால் அதன் விலை ஏறியிருக்கிறது. நாங்கள் ஒரு ஆணியும் மாற்றாமலே அது ‘திருத்தக்கூடியது’ ஆகிவிட்டது.

இந்த வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். 1983 இல் வெளிவந்தது. நான்கு சில்லு இழுவை அமைப்பை ஒஸ்ரியாவின் ஸ்ரையர் புக் நிறுவனம் செய்தது. பின்னால் ஒரே அச்சும் பட்டை வில்லுகளும், லொறிக்கு உள்ளதுபோல. நடுவில் டிபரென்ஷியல் இல்லை. எனவே காய்ந்த தார் வீதியில் நான்கு சில்லையும் பூட்டி ஓடக்கூடாது. வளைவில் முன் சில்லும் பின் சில்லும் வெவ்வேறு தூரம் ஓட, அந்த வித்தியாசம் முழுவதும் தண்டையும் பல்லையும் முறுக்கும். சேற்றில் மட்டும் பூட்டு, வெளியே வந்ததும் கழற்று என்பதை வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறோம்.

எங்களுக்குக் குருவாக வாய்த்தவர் பக்கத்துத் தெருக் கிழவர். ரேர்மினி இமெரேசேயில் இருந்த ஃபியற் தொழிற்சாலையில் வேலை செய்தவர். பண்டாவே அங்கு செய்யப்பட்ட காலமுண்டு. 1970 இல் திறந்த அந்தத் தொழிற்சாலை 2011 முடிவில் கார் செய்வதை நிறுத்தியது. அங்கிருந்த கைத்திறன் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குச் சிதறிப்போனது. எந்த அரசின் ஏட்டிலும் அது சொத்தாகப் பதியப்படவில்லை. எங்கள் யாழ்ப்பாணத்து மெக்கானிக்குகளின் திறமையும் அப்படித்தான் போனது.

கடல் அருகில். அஸ்ப்ராவிலிருந்து வரும் உப்புக்காற்றில் கறள்தான் எமன். முந்தைய பரிசோதனைக்கு முன் ஒரு கராச்சில் கதவுக்குக் கீழுள்ள பெட்டித் தகட்டைத் திருத்தக் கொடுத்தோம். பில்லில் ‘வெல்டிங்’ என்று இருந்தது. பரிசோதனையிலும் தேறியது. ஆறு மாதம் கழித்துக் கிழவர் ஒரு திருகாணி முடுக்கியால் குத்தினார், கைபிடி வரை உள்ளே போனது. கறளின் மேல் துணியும் தாரும் பூசி நிறம் அடித்திருந்தார்கள். கணக்காளர்களான எங்களுக்கு இது புதிதல்ல; வெட்கம்தான் புதிது. பில்லைப் பார்த்தோம், தகட்டைப் பார்க்கவில்லை. இப்போது கறளை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு ஒட்டி, உள்ளே மெழுகு அடித்து, ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுத்து வைக்கிறோம். வெல்டிங்கை மட்டும் அனுபவமுள்ளவர் செய்கிறார்.

திருத்துவது ஒன்று, மாற்றுவது இன்னொன்று. இரண்டையும் குழப்பும் இளம்பிள்ளைகள் கவனிக்க வேண்டும். இத்தாலிய வீதிச் சட்டத்தின் 78 ஆவது பிரிவின்படி வாகனத்தின் கட்டமைப்பு இயல்புகளை மாற்றினால் மோட்டார் திணைக்களத்தில் பரிசோதித்துப் பதிவுப் புத்தகத்தில் ஏற்றவேண்டும். உயரத்தைக் கூட்டும் வில்லு, பதிவில் இல்லாத அளவு ரயர் எல்லாம் இதற்குள் வரும். அபராதம் சிறிய விடயம். பதிவுக்கு மாறான வாகனத்தால் விபத்து நடந்தால், காப்புறுதிக் கம்பனி காயப்பட்டவருக்குக் கொடுத்த பணத்தை உங்களிடம் திருப்பிக் கேட்கலாம். ஒரு அகதிக் குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்பை 2 அங்குல உயரத்துக்காகப் பந்தயம் வைப்பதா?

இன்னொரு இழப்பும் உண்டு. 2014 இன் ஐரோப்பியப் பணிப்புரை, வரலாற்று வாகனம் என்பதற்கு 30 வயதோடு முதன்மைப் பாகங்களில் பெரிய மாற்றமின்மையையும் கேட்கிறது. பழையதை அப்படியே காப்பாற்றுபவருக்குச் சலுகை, மாற்றுபவருக்கு இல்லை. அலங்காரமே வேண்டாம் என்று சொல்லமாட்டோம். பகேரியா வண்டி ஓவியர்களின் ஊர். குட்டூசோவே சிறுவயதில் ஒரு வண்டி ஓவியரின் பட்டறையில் பழகியவர். அவர்கள் பலகையில் வீரர்களை வரைந்தார்கள், அச்சில் கைவைக்கவில்லை.

ஊரில் நிலைமை இன்னும் சிக்கல். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, சொந்தப் பாவனைக் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அதுவும் கடும் வரியோடு. இடைப்பட்ட ஐந்து ஆண்டும் பழைய ஜீப்பும் வானும் பொன்னாக விலை போயின. திறப்பதற்கு முந்தைய மாதம், கிளீன் ஸ்ரீலங்கா திட்டத்தின் பெயரில் பஸ்களிலும் முச்சக்கரவண்டிகளிலும் பொருத்திய மேலதிகப் பாகங்களைப் பொலிஸார் கழற்றச் சொல்ல, சாரதிகள் கொதித்தார்கள். கண்ணைக் கூசவைக்கும் லைற்றைக் கழற்றச் சொன்னது சரி. ஆனால் தேய்ந்த பிறேக்கும் வெடித்த ரயரும் வெளியில் பளபளக்காது. அதைத் தேட நிலையமும் கருவியும் படித்த ஆளும் வேண்டும். டில்லியிலும் 2025 யூலையில் 10 வயது டீசல், 15 வயது பெற்றோல் வாகனங்களுக்கு எரிபொருள் இல்லை என்று தொடங்கி, சில நாட்களிலேயே நிறுத்தி வைத்தார்கள். வயது பார்ப்பது சுலபம், பிறந்த திகதி பத்திரத்திலேயே இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் செய்யக்கூடியது சிறியது. உதிரிப்பாகப் பில்களையும் படங்களையும் திகதிவாரியாக ஒரு கோப்பில் போட்டு வைக்கிறோம். நாளை யாராவது திருத்தச் செலவைக் கேட்டால் எங்கள் கணக்கைக் காட்டலாம். பழைய ஒயிலை நகரசபைச் சேகரிப்பு நிலையத்தில்தான் கொடுக்கிறோம். அடுத்த ஞாயிறு பின் வில்லின் இடப்பக்கத் தாங்கி கழற்றப்படும். கிழவர் தன் பழைய கூட்டாளி ஒருவரிடம் அளவு சொல்லி வைத்திருக்கிறார். தகடு வந்து சேரவேண்டும்.