பாட்டியோட கட்டைப்பை... உங்க செல்போன்ல!



காலேஜுக்கு கட் அடிக்காமலே லீவு கிடைக்கிற ஒரு நாள் எல்லார் வீட்லயும் வரும். "பாட்டியை டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போயிட்டு வந்துடேன்!"

ஸ்ரீரங்கத்துல வீடு. தில்லைநகர்ல டாக்டர். ஆட்டோ காவிரிப் பாலத்துல ஏறுது. உங்க மடியில ஜவுளிக்கடை கட்டைப்பை. உள்ளே ஆறு வருஷத்து மருந்துச் சீட்டு, லேப் ரிப்போர்ட், சுருண்டுபோன ஈ.சி.ஜி., ஓரம் மடங்கின எக்ஸ்-ரே.

டோக்கன் நம்பர் 43. ரெண்டு மணி நேரம் தேவுடு காத்து உள்ளே போனா, டாக்டரோட முதல் கேள்வி, "இப்ப என்னென்ன மாத்திரை சாப்பிடறாங்க?"

"ஒரு வெள்ளை, ஒரு சின்ன ரோஸ் கலர்..." - இது பாட்டி. நீங்க பையை மேஜையில கவிழ்க்கிறீங்க. கதவு இடுக்குல 44-ம் நம்பர் எட்டிப் பார்க்கிறார்!

'எல்லாத்தையும் நெட்ல ஏத்தி வெச்சிருந்தா இந்த அவஸ்தை இல்லையே'ன்னு அப்போ தோணும். நியாயம்தான். ஆனா, டாக்டர்கள் இதைப் பத்தி என்ன நினைக்கிறாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டு ஏத்தினா இன்னும் நல்லது.

டாக்டருக்கு என்ன பயம்?

டாக்டர்களுக்கு நெட் மேல கோபம் எல்லாம் கிடையாது. அவங்க கவலை மூணு.

முதல் கவலை, நேரம். நூறு போட்டோவை நீட்டி "எல்லாம் இதுல இருக்கு டாக்டர்"னு சொன்னா, அதுவும் ஒரு கட்டைப்பைதான். கவிழ்க்கக்கூட முடியாத கட்டைப்பை!

ரெண்டாவது, முழுமை. பேஷன்ட்டே வெச்சிருக்கிற ரெக்கார்டுல எது விட்டுப்போச்சு, எதை வேணும்னே மறைச்சாங்கன்னு டாக்டருக்கு எப்படித் தெரியும்? ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்களுக்கு, அது தெரியாம ஒரு மூட்டுவலி மாத்திரை எழுதிட்டா வயித்துக்குள்ள ரத்தக்கசிவு வரலாம். விட்டுப்போன ஒரே ஒரு வரியால வர்ற ஆபத்து இது.

மூணாவது, பதற்றம். ரிப்போர்ட்ல ஒரு நம்பர் தடிமனான எழுத்துல இருந்தாலே நாம கூகுள்ல தேடி, ராத்திரி பூரா தூங்காம, காலையில முகம் வெளிறிப்போய் நிப்போம். டாக்டர் பார்த்தா, "இது ஒண்ணுமில்லைப்பா."

இந்தப் பயத்தை ஒரு தடவை நிஜமாவே டெஸ்ட் பண்ணிப் பார்த்தாங்க. 2010-ல அமெரிக்காவுல பாஸ்டன், பென்சில்வேனியா, சியாட்டில்னு மூணு இடங்கள்ல 105 டாக்டர்கள், தாங்க எழுதுற குறிப்புகளை பேஷன்ட்டுகள் நெட்லயே படிக்கலாம்னு திறந்துவிட்டாங்க. 'ஓப்பன்நோட்ஸ்'னு பேர். வேலை கூடும், பேஷன்ட்டுகள் குழம்புவாங்கன்னு பல டாக்டர்களுக்கு உள்ளுக்குள்ள உதறல். ஒரு வருஷம் போச்சு. 'போதும், நிறுத்திக்கிறேன்'னு ஒரு டாக்டர்கூட சொல்லலை! கருத்துச் சொன்ன பேஷன்ட்டுகள்ல 99 சதவிகிதம் பேர், தொடரணும்னு கேட்டாங்க. 2012-ல இந்த ரிசல்ட் வெளியாச்சு.

நம்ம ஊர்ல என்ன வசதி?

'ஆபா' நம்பர் கேள்விப்பட்டிருப்பீங்க. மத்திய அரசோட டிஜிட்டல் ஹெல்த் திட்டம் 2020 ஆகஸ்ட் 15-ல சில யூனியன் பிரதேசங்கள்ல சோதனையா ஆரம்பிச்சு, 2021 செப்டம்பர் 27-ல நாடு முழுக்க வந்தது. அதுல கிடைக்கிற 14 இலக்க நம்பர்தான் ஆபா.

இங்கே பலரும் குழம்பற ஒரு மேட்டர்: இது இன்ஷூரன்ஸ் கார்டு கிடையாது. இதைக் காட்டினா ஆபரேஷன் ஃப்ரீ ஆகாது. ரெக்கார்டுகளைக் கோத்து வைக்கிற ஒரு நூல், அவ்வளவுதான். கட்டாயமும் கிடையாது.

எல்லா ரிப்போர்ட்டும் டெல்லியில ஒரே கம்ப்யூட்டர்ல குவியறதும் இல்லை. எந்த ஆஸ்பத்திரி, எந்த லேப் எடுத்துச்சோ அங்கேயே இருக்கும். இன்னொரு டாக்டர் பார்க்கணும்னா உங்க போனுக்கு அனுமதி கேட்டு வரும். எதைக் காட்டலாம், எவ்வளவு நாளைக்குக் காட்டலாம்னு நீங்கதான் முடிவு பண்ணணும். கொடுத்த அனுமதியைத் திரும்ப வாங்கவும் செய்யலாம். உங்க தெரு முனை கிளினிக் இதுல சேராம இருந்தா? பழைய சீட்டுகளை நீங்களே ஸ்கேன் பண்ணி ஏத்திக்கலாம்.

பூட்டு உடையாதா?

உடையும். திருச்சியில இருந்து ஃப்ளைட் ஏறி வேலைக்குப் போற சிங்கப்பூர்லயே உடைஞ்சிருக்கு. 2018-ல அங்கே சிங்ஹெல்த் நிறுவனத்துல இருந்து 15 லட்சம் பேரோட விவரங்களைத் திருடினாங்க. அதுல 1,60,000 பேர் வாங்கின மருந்து விவரமும் போச்சு. அப்போ பிரதமரா இருந்த லீ சியன் லூங்கும் அந்த லிஸ்ட்ல ஒருத்தர்!

நம்ம டெல்லி எய்ம்ஸ்ல 2022 நவம்பர் 23-ம் தேதி சைபர் தாக்குதல்ல சர்வர் படுத்துடுச்சு. பல நாள் பேனா, பேப்பர்லதான் ஓ.பி. ஓடுச்சு.

திருட்டே இல்லாமலும் கடை மூடலாம். 2008-ல வந்த கூகுள் ஹெல்த் 2012-ல நின்னுபோச்சு. மைக்ரோசாஃப்ட்டோட ஹெல்த்வால்ட் 2007-ல வந்து 2019-ல மூடிட்டாங்க. அதனால எந்த ஆப்ல ஏத்தினாலும் ஒரு காப்பி தனியா, ஒரு காப்பி பேப்பர்ல. பாட்டியோட கட்டைப்பையைத் தூக்கிப் போட்டுடாதீங்க பாஸ்!

ஞாயித்துக்கிழமை வேலை

* முதல்ல ஒரே ஒரு பக்கம் எழுதுங்க. பேர், வயசு, ரத்த வகை, எந்த மருந்து ஒத்துக்காது, என்னென்ன வியாதி, என்ன ஆபரேஷன் எந்த வருஷம், இப்ப சாப்பிடற மாத்திரை - பேர், அளவு, எந்த வேளை. டாக்டர் முதல்ல கேட்கிறது இதைத்தான். மத்ததெல்லாம் இதுக்குப் பின்னாடி.

* ஈ.சி.ஜி. பல இடங்கள்ல சூட்டுல அச்சாகிற பேப்பர்ல வரும். நாளாக ஆக வெளுத்துடும். இன்னைக்கே நல்ல வெளிச்சத்துல படம் எடுங்க.

* ஃபைலுக்குப் பேர் வைக்கும்போது தேதி முதல்ல, என்ன டெஸ்ட்ங்கிறது அப்புறம். 'ஐஎம்ஜி 4072'ன்னு விட்டா அடுத்த வருஷம் உங்களுக்கே புரியாது.

* எக்ஸ்-ரேயை ஜன்னல்ல தூக்கிப் பிடிச்சு எடுத்த போட்டோ ஒரு ஞாபகத்துக்குத்தான் ஆகும். அதை வெச்சு முடிவு சொல்ல முடியாது. எழுத்து ரிப்போர்ட்டையும், கிடைச்சா சி.டி.யையும் வாங்கி வைங்க.

* ஆஸ்பத்திரியில படுத்திருந்தா அந்த ரெக்கார்டைக் கேட்டு வாங்குங்க. 2002-ம் வருஷத்து மருத்துவ கவுன்சில் விதிப்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள்ள கொடுக்கணும். உள்நோயாளி ரெக்கார்டை, சிகிச்சை ஆரம்பிச்சதுல இருந்து மூணு வருஷம் வெச்சிருக்கணும்னும் அதே விதி சொல்லுது. அதுக்கப்புறமும் இருக்கும்னு நம்பிக்கிட்டு இருக்காதீங்க.

* ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல மட்டும் போடாதீங்க. துபாய் சித்தப்பாவுல இருந்து தூரத்து மாமா வரைக்கும் எல்லாரும் டாக்டர் ஆயிடுவாங்க!

ஒரு விஷயம் மறக்காதீங்க...

போன் உங்களோடது. ஓ.டி.பி. உங்களுக்கு வருது. ஆனா, அந்த ரெக்கார்டு உங்களோடது இல்லை. அது பாட்டியோடது. பிள்ளைங்க பயந்துடுவாங்கன்னு அவங்க யார்ட்டயும் சொல்லாம வெச்சிருக்கிற ஒரு சீட்டு அந்தப் பையோட அடியில இருக்கலாம். அதனால பக்கத்துல உட்காருங்க. ஒவ்வொரு பேப்பரா எடுத்து, "பாட்டி, இதை ஏத்தட்டுமா? டாக்டர் மட்டும் பார்க்கட்டுமா, அப்பாவும் பார்க்கட்டுமா?"ன்னு கேளுங்க. வேண்டாம்னா, டாக்டர்ட்ட அவங்களையே நேர்ல சொல்லச் சொல்லுங்க. நாளைக்கு உங்க ரிப்போர்ட்டை உங்களைக் கேட்காம வீட்ல யாராவது திறந்தா சும்மா இருப்பீங்களா? அதே நியாயம்தான்.

அடுத்த தடவை டாக்டர், "என்னென்ன மாத்திரை?"ன்னு கேட்டதும் அந்த ஒரு பக்கத்தை நீட்டுங்க. அரை நிமிஷத்துல படிச்சுடுவார். படிச்சுட்டு பாட்டி பக்கம் திரும்பி, "சொல்லுங்கம்மா, என்ன பண்ணுது?"ன்னு கேட்பார்.

44-ம் நம்பர் கொஞ்சம் வெயிட் பண்ணட்டும். பாட்டி பேசட்டும்!

அடுத்த வாரம் பார்ப்போம்!